வீட்டுக் கேமராவும் வைஃபையும் மோதிக்கொண்டால் எதை மாற்றுவது?

வீட்டைச் சுற்றி நான்கைந்து கேமரா மாட்டிய பிறகு இரண்டு தொல்லைகள் சேர்ந்தே தலைகாட்டும். கேமராப் படம் நின்று நின்று ஓடும். வீடியோ அழைப்பில் குரல் அறுந்து அறுந்து வரும். உடனே பலர் பெரிய ரவுட்டராகப் பார்த்து வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் இணையத் திட்டத்தின் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே வீண் செலவு. வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு சாதனம்தான் பேச முடியும். யார் எவ்வளவு நேரம் அந்தச் சேனலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே கணக்கு. ரவுட்டர் பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்பிபிஎஸ் வேக எண் இந்தக் கணக்கில் வரவே வராது.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுவரில் அசையாமல் இருக்கும் கேமராவுக்குக் கேபிள் இழுக்க வழியிருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. அது முடியாத வீட்டில், கேமராக்களுக்குப் பக்கத்திலேயே தனி ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் ரவுட்டரோடு இணைந்து, தானே வைஃபை தரும் பெட்டி) ஒன்றை வேறு சேனலில் வைப்பது அடுத்த வழி. ரவுட்டர், கேமரா அமைப்புகளை (செட்டிங்ஸ்) மாற்றுவது செலவில்லாதது என்பதால் அதை எல்லோரும் முதலில் செய்துவிட வேண்டும். வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை வாங்குவது எனக்குக் கடைசி வழி, அதுவும் தயக்கத்தோடு.

முதலில், இது ரேடியோச் சிக்கல்தானா?

வழிகளை ஒப்பிடும் முன் இதை உறுதி செய்துகொள்ளாவிட்டால் எந்த வழியும் பலன் தராது. லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து, ரவுட்டரின் சொந்த முகவரிக்குத் தொடர்ந்து பிங் (பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள். அந்த முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். போனைவிட லேப்டாப் நல்லது. பேட்டரியை மிச்சம்பிடிக்கப் போன் தன் வைஃபையை அவ்வப்போது தூங்க வைத்துவிடும், அதனாலேயே எண்கள் ஏறி இறங்கும். பதில் சில மில்லிசெகண்டில் சீராக வந்தால் காற்றில் நெரிசல் இல்லை. 100, 200 என்று எகிறினாலோ இடையிடையே பதிலே வராமல் போனாலோ கேமராக்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பாருங்கள். எதை அணைத்ததும் எண்கள் இறங்குகின்றனவோ, அதிலிருந்து தொடங்கலாம்.

ரவுட்டருக்கு பிங் நன்றாக இருக்கிறது, வெளி இணைய முகவரிக்கு மட்டும் தாமதமாகிறது என்றால் கதை வேறு. கிளவுடில் பதிவேற்றும் கேமராக்கள் உங்கள் இணைப்பின் அப்லோடை நிரப்பிவிட்டன. பல இணைப்புகளில் டவுன்லோடைவிட அப்லோடு மிகக் குறைவு. சேனலை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. பதிவை மெமரி கார்டுக்கோ வீட்டிலேயே இருக்கும் என்விஆருக்கோ (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) மாற்றினால் அன்றைக்கே தீரும்.

இன்னொரு ஏமாற்று: பகலில் ஒழுங்காக இருக்கும் கேமரா இருட்டியதும் விழுந்துவிடுகிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் மாலையில் வைஃபை பயன்படுத்துவதால்தான் என்று தோன்றும். இருக்கலாம். ஆனால் இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும். அடாப்டர் பலவீனமாக இருந்தாலோ, மெல்லிய யுஎஸ்பி ஒயரை நீளமாக இழுத்திருந்தாலோ மின்னழுத்தம் இறங்கி கேமரா தானே மறுபடி தொடங்கும். அதோடு, குறைந்த வெளிச்சத்தில் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஏறுவதால் வீடியோ சரியாகச் சுருங்காது. அதே கேமரா இரவில் அதிக டேட்டா அனுப்பும். அடாப்டரை மாற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் புது ரவுட்டர் வாங்காதீர்கள்.

காற்றில் செலவாகும் நேரம்

1080பி கேமரா ஒன்று ஹெச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் சாதாரணமாக 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரை அனுப்பும். ரவுட்டர் நூற்றுக்கணக்கில் தாங்கும் என்று பெட்டி சொல்கிறதே, பிறகு ஏன் திணறுகிறது?

விலை மலிவான கேமராக்களில் பெரும்பாலும் ஒரே ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசும். 802.11என் என்ற வைஃபை தரத்தில் அதன் உச்ச வேகம் 65 எம்பிபிஎஸ், சிக்னல் துடிப்புகளுக்கு இடையே விடும் இடைவெளியைச் சுருக்கினால் 72. சிக்னல் நன்றாக இருந்தால் இந்த வேகத்தில் தன் 3 எம்பிபிஎஸ்ஸை அனுப்பிவிட்டு, காற்று நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்காமல் ஒதுங்கிவிடும். அதே கேமராவை இரண்டு சுவர் தாண்டி வெளிக்கேட்டில் மாட்டுங்கள். சிக்னல் தேய்ந்ததும் அது படிப்படியாக வேகத்தைக் குறைத்து, கடைசியில் 6.5 எம்பிபிஎஸ்ஸில் பேசும். அதிலும் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும் ஒப்புகைகள், காத்திருப்பு, மறுமுறை அனுப்புதல் எல்லாம் போக மிஞ்சுவது நாலைந்துதான். இப்போது அந்த 3 எம்பிபிஎஸ் படம் காற்று நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். இதே நிலையில் இன்னொரு கேமராவும் சேர்ந்தால் இரண்டுக்கும் இடம் போதாது. நடுவில் உங்கள் போனும் டிவியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அதாவது, வீடு முழுக்க வைஃபையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேமராதான்: சிக்னல் ஓரத்தில் மாட்டியிருக்கும் கேமரா. பல கேமரா ஆப்களில் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். -60 என்றால் சௌகரியம், -67 வரை வீடியோவுக்குப் பரவாயில்லை, -75ஐயும் தாண்டிக் கீழே போனால் அந்தக் கேமரா எல்லோருக்கும் பாரம். ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடுவது இந்தப் பாரத்தை அது எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்துத்தான்.

பழைய அனலாக் கேமரா இருந்தால்

வயர்லெஸ் கேமரா எல்லாமே வைஃபை கேமரா அல்ல. தனி ரிசீவரோடு வரும் பழைய வகைகளில் சில, 2.4 கிகாஹெர்ட்ஸில் அனலாக் படத்தை இடைவிடாமல் ஒளிபரப்பும். வைஃபை சாதனம் பேசும் முன் காற்றைக் கேட்டுப் பார்க்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். இந்த அனலாக் டிரான்ஸ்மிட்டருக்கு அந்த மரியாதை தெரியாது. அது பக்கத்தில் இருந்தால் வைஃபை எப்போதும் காற்று நிறைந்திருப்பதாக நினைத்து வாயே திறக்காது. கொஞ்சம் தள்ளியிருந்தால் வைஃபை பேசத் தொடங்கும், ஆனால் பாக்கெட்டுகள், அதாவது அனுப்பும் டேட்டாத் துண்டுகள், சிதையும். இரண்டு வகையிலும் நஷ்டம். அந்தக் கேமராவிலேயே வேறு சேனல் இருந்தால், ரவுட்டர் சேனல் 1இல் இருக்கும்போது அதை அலைவரிசையின் மறு முனைக்குத் தள்ளிப் பார்க்கலாம். தற்காலிக நிம்மதி கிடைக்கும். ஆனால் இந்தக் கேமராக்களை நான் வைத்திருக்கவே சொல்லமாட்டேன். பல மாடல்களில் படத்துக்குக் குறியாக்கம் கிடையாது, அதே அலைவரிசையைப் பிடிக்கும் ரிசீவர் யாரிடம் இருந்தாலும் உங்கள் வீட்டுக்குள் பார்க்கலாம்.

டிஜிட்டல் அலைத்தாவல் முறையில் இயங்கும் தனி ரிசீவர் செட்டுகள் இதைவிட மேல். அலைவரிசை முழுக்கத் தாவித் தாவிப் போவதால் எந்த ஒரு வைஃபை சேனலையும் ஒரேயடியாக அடைத்துவிடாது, எல்லாச் சேனலையும் லேசாக உரசிக்கொண்டு போகும். அதன் ரிசீவரை ரவுட்டரிலிருந்து சில மீட்டர் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் போதும்.

செலவில்லாத வழி: அமைப்புகள்

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன; ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்வது 20. அதனால்தான் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் என்று 1, 6, 11 மட்டும் மிஞ்சுகின்றன. பக்கத்து வீடுகள் 1இலும் 6இலும் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு நடுவில் 3ஐத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். அது இருப்பதிலேயே மோசமான தேர்வு. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு முறை எடுத்துக்கொள்வார்கள். பாதி மட்டும் மேலே படிந்த சேனலில் இருப்பவர்களின் பேச்சு புரியாது, இரைச்சலாக மட்டும் காதில் விழும். அந்த இரைச்சலுக்கு நடுவே இருவரும் பேசிப் பாக்கெட்டுகளைக் கெடுத்துக்கொள்வார்கள். நெரிசலான 6, காலியாகத் தெரியும் 3ஐவிட மேல். சேனல் அகலத்தை 20க்கு இறக்கிப் பூட்டிவிடுங்கள்; 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் இருக்கும் அலைவரிசையில் பாதியை நீங்களே அடைத்ததாகிவிடும்.

கேமரா பக்கம் செய்ய வேண்டியது: ஹெச்.265 என்ற புதிய சுருக்க முறை இருந்தால் அதற்கு மாறுங்கள், அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி டேட்டாதான் போகும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை 25 அல்லது 30இலிருந்து 15க்கு இறக்குங்கள். நடந்து வருபவரை அடையாளம் காண 15 தாராளம். பிட்ரேட்டுக்கு, அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவுக்கு, உச்ச வரம்பு போடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் அனுப்புவதற்குப் பதில், பதிவு கார்டில் நடக்கட்டும், அசைவு இருந்தால் மட்டும் வெளியே அனுப்பட்டும். ரவுட்டருக்குப் பின்னால் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். அந்த வகைச் சாதனங்களும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கொட்டும் என்று இன்டெல் 2012லேயே ஓர் ஆய்வறிக்கையில் காட்டியிருக்கிறது.

நல்ல சிக்னலில் ஒன்றிரண்டு கேமரா இருக்கும் வீட்டில் இதோடு வேலை முடிந்துவிடும். மேலே எதுவும் வாங்க வேண்டாம்.

5 கிகாஹெர்ட்ஸ்: யாரை அங்கே அனுப்புவது?

வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, கேமராவை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்று என்பது. நான் தலைகீழாகச் சொல்வேன்: போன், லேப்டாப், டிவி எல்லாவற்றையும் 5க்கு அனுப்பிவிட்டு 2.4ஐக் கேமராக்களுக்கு விட்டுவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும்போது அதிகம் தேயும். கேமரா இருப்பது சுவருக்கு வெளியே. மனிதர்கள் இருப்பது உள்ளே. யாருக்கு எந்த அலைவரிசை பொருந்தும் என்பது இதிலேயே தெரிகிறது. தவிர, பல கேமராக்களுக்கு 5 தெரியவே தெரியாது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சாதனங்கள் தம் இஷ்டத்துக்குத் தாவும், அதனால் தனித்தனிப் பெயர் வையுங்கள்.

ரவுட்டர் இருக்கும் அறையிலேயே அல்லது அடுத்த அறையிலேயே இருக்கும் கேமராவுக்கு 5 நல்லதுதான். அப்படி மாற்றினால் ரவுட்டரை 36 முதல் 48 வரையிலான சேனல்களில் பூட்டுங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் சட்டப்படி உடனே விலக வேண்டும். அதே ரகச் சேனல் இன்னொன்றுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் மௌனமாகக் கேட்டுப் பார்த்த பிறகே பேசலாம். அந்த ஒரு நிமிடம் உங்கள் கேமராவில் பதிவு இல்லை. சில கேமராக்கள் இந்தச் சேனல்களைக் கண்டுகொள்வதே இல்லை.

தனிப் பெயரா, தனி ஆக்சஸ் பாயின்டா?

குழப்பம் அதிகம் நடக்கும் இடம் இதுதான். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து கேமராக்களை அதில் போட்டுவிட்டால் நெரிசல் பிரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். பிரியாது. பெயர் வேறு, ரேடியோ அதேதான், சேனலும் அதேதான், காற்றும் அதேதான். பாதுகாப்புக்கு அது நல்ல பழக்கம், ஏனென்றால் கேமராவுக்குள் நுழைந்தவன் உங்கள் லேப்டாப்பை எட்ட முடியாது. நெரிசலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தனி ஆக்சஸ் பாயின்ட் வேறு விஷயம். வீட்டு ரவுட்டர் 1இல், கேமராக்களுக்கான ஆக்சஸ் பாயின்ட் 11இல் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசலாம். அதைவிடப் பெரிய லாபம், அதைக் கேமராக்களுக்கு அருகே கொண்டுபோய் வைக்கலாம் என்பது. -78இல் 6.5 எம்பிபிஎஸ்ஸில் முனகிக்கொண்டிருந்த கேட் கேமரா -58க்கு வந்து 65இல் பேசத் தொடங்கினால், அது பிடித்து வைத்திருந்த காற்று நேரத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் ரவுட்டரிலிருந்து ஆக்சஸ் பாயின்டுக்கு லேன் கேபிள் போயாக வேண்டும். ஒரே ஒரு கேபிள். நான்கு கேமராவுக்கு நான்கு இழுக்க முடியாத வீட்டில் இது நல்ல சமரசம். இரண்டு பெட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைக்காதீர்கள். சேனல் வேறாக இருந்தாலும் அவ்வளவு பக்கத்தில் ஒன்றின் சத்தத்தில் இன்னொன்று செவிடாகும்.

ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், கேமராவிடம் வாங்கியதை அதே சேனலில் ரவுட்டருக்குத் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை போகும். கேமரா ஆப்பில் சிக்னல் கம்பிகள் நிறைந்து தெரிவதால் சரியாகிவிட்டது என்று தோன்றும். வீட்டின் மற்ற சாதனங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறையவும் கூடும். மெஷ் (பல வைஃபை பெட்டிகள் சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக இயங்கும் அமைப்பு) வாங்குவதாக இருந்தால் பெட்டிகளுக்கு இடையே கேபிள் போட முடிகிறதா, இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கென்றே தனி ரேடியோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத மெஷ், விலை கூடிய ரிப்பீட்டர்தான்.

கேபிள்

பிஓஇ முறையில் ஒரே லேன் கேபிளில் டேட்டாவும் மின்சாரமும் போகும். 802.3ஏஎஃப் தரத்தில் சுவிட்ச் (பல லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) 15.4 வாட் கொடுக்கும், கேமராவுக்கு 12.95 வாட் போய்ச் சேரும். அசையாத கேமராவுக்கு இன்ஃப்ராரெட் விளக்கோடு சேர்த்து இது போதும். சுழன்று திரும்பும் பெரிய கேமராவுக்கு 30 வாட் தரும் 802.3ஏடி சுவிட்ச் தேவைப்படலாம். கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டாம். சுவிட்ச், என்விஆர், ரவுட்டர் மூன்றையும் ஒரு யுபிஎஸ்ஸில் மாட்டினால் மின்சாரம் போனாலும் எல்லாக் கேமராவும் ஓடும்; வைஃபை கேமராக்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ஏற்பாடு செய்தால்தான் இது நடக்கும். நான்கு கேமரா கேபிளுக்குப் போனால் அந்த நான்கும் காற்றிலிருந்து முழுக்க விலகிவிடுகின்றன. வேறு எந்த வழியும் நெரிசலைக் குறைக்கத்தான் செய்யும், இது மட்டும்தான் மிச்சமில்லாமல் எடுத்துவிடும்.

குறைகளும் உண்டு, அவற்றை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவான கேபிளை வாங்காதீர்கள். தூரம் போகும்போது மின்னழுத்தம் இறங்கும், கேபிள் சூடேறும். முழுச் செம்பாலான கேட்5இ ரக லேன் கேபிள் போதும். வெயிலில் போகும் பகுதிக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கான உறை வேண்டும். இடி மின்னலின்போது வெளியே போகும் செம்புக் கேபிள் மின்னெழுச்சியை உள்ளே கொண்டுவரும், அதனால் தரையிணைப்போடு கூடிய சர்ஜ் புரொடெக்டர் போடுவது அவசியம். கேமராவைக் கழற்றி அந்தக் கேபிளில் லேப்டாப்பைச் செருகினால் வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்துவிடலாம் என்பதையும் யோசியுங்கள். கேமராக்களை என்விஆரின் சொந்த பிஓஇ போர்ட்டுகளிலோ தனி விலேனிலோ (சுவிட்சுக்குள்ளேயே பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) போட்டால் அந்தக் கதவு மூடும்.

கேபிள் இழுக்க வழியில்லாதவர்களுக்குப் பவர்லைன் அடாப்டர் ஒன்று இருக்கிறது. வீட்டின் மின் ஒயரிலேயே டேட்டாவை அனுப்பும். ஒரே சர்க்யூட்டில் நன்றாக ஓடும். வேறு ஃபேஸ் என்றால் வேகம் சரியும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கிச் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

தொலைவில் தனியாக இருக்கும் கேட், கொட்டகை போன்ற இடங்களுக்கு வைஃபை ஹேலோ எனப்படும் 802.11ஏஹெச் பொருந்தும். 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் வழக்கமான வைஃபையோடு மோதாது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் எட்டும் என்கிறது வைஃபை அலையன்ஸ். வேகம் குறைவு, ஒன்றிரண்டு கேமராவுக்கு மேல் ஏற்றக் கூடாது. இதற்கான அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே உங்கள் நாட்டுக்கென்று தயாரித்ததையே வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு எது?

வாடகை வீடு, இரண்டு கேமரா, ஒரு டோர்பெல் என்றால் அமைப்புகளை மாற்றுங்கள், போன்களை 5க்கு அனுப்புங்கள். பேட்டரியில் ஓடும் டோர்பெல் அசைவு இருக்கும்போது மட்டும் பேசுவதால் காற்று நேரத்தில் அது பெரிய பாரமாக இருக்காது, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சொந்த வீடு, ஐந்தாறு கேமரா, எல்லாம் முழு நேரப் பதிவு என்றால் கேபிள்தான், தள்ளிப்போடாதீர்கள். வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு மூலைக்கும் பைப் போட்டு வைத்துவிடுங்கள், கேமராவைப் பிறகு முடிவு செய்யலாம். முதலில் சொன்ன வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் தனி ஆக்சஸ் பாயின்ட்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நுழைவாயிலைப் பார்க்கும் கேமராவை மட்டுமாவது கேபிளில் போடச் சொல்வேன். நெரிசல் இதற்குக் காரணமில்லை. வைஃபை கேமராவை ரவுட்டரிலிருந்து துண்டிக்கும் போலிச் செய்திகளை அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்புத் தரம் கட்டாயமாக்கும் மேலாண்மைச் செய்திப் பாதுகாப்பு அதைத் தடுக்கும், ஆனால் பல கேமராக்கள் இன்னும் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2இல்தான் நிற்கின்றன. அலைவரிசையையே இரைச்சலால் மூடும் ஜாமருக்கு முன்னால் டபிள்யூபிஏ3ம் ஒன்றும் செய்ய முடியாது. கேபிள் இழுக்கவே முடியாவிட்டால், தொடர்பு அறுந்தாலும் பதிவு நிற்காதபடி அந்தக் கேமராவுக்குள் மெமரி கார்டு கட்டாயம் இருக்கட்டும்.

மாற்றம் செய்த அன்று மதியம் சோதித்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். இரவு ஒன்பது மணிவாக்கில், இன்ஃப்ராரெட் எரியும்போது, அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் உச்சத்தில் இருக்கும்போது, வீட்டில் ஒருவர் வீடியோ அழைப்பில் இருக்கையில் அதே ரவுட்டர் முகவரிக்கு மறுபடி பிங் அனுப்பிப் பாருங்கள்.